அக்கா யாரையும் எளிதில் நம்பியதில்லை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. படையல் முடிந்து பந்தி போடுவதற்குள் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்கும். இத்தகைய மலர்களில் வழக்கமாக நீங்கள் படிக்கும் சில சொற்கள் இதில் இருக்காது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாளிதழில் மற்றவர்கள் எழுதிய செய்தியைத் திருத்தியே தலை நரைத்தவன் நான். அதனால் இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒப்படைத்தவர் அக்காவின் மகள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"கருணையே உருவானவங்க, கைராசிக்காரங்கன்னெல்லாம் எழுதாதீங்க மாமா. அம்மா படிச்சா, 'இத யாரு பாத்தாங்க, யாரு சொன்னாங்க'ன்னு கேப்பாங்க."

நியாயமான நிபந்தனை. ஆகவே நான் நேரில் பார்த்ததையும், பார்த்தவர்களிடம் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். கேள்விப்பட்டதை எழுதும் இடத்தில் கேள்விப்பட்டது என்றே குறிப்பிடுகிறேன்.

மொரப்பூரிலிருந்து ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் உள்ள ஊரில் அக்கா பிறந்தார். அப்பா விவசாயி. கிணற்றில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் தக்காளி, இல்லாத ஆண்டுகளில் கொள்ளு. வீட்டில் இரண்டே பிள்ளைகள், அக்கா மூத்தவர், நான் இளையவன்.

அந்தக் காலத்தில் தக்காளிப் பெட்டியை அடுக்கும்போது நல்ல பழங்களை மேலேயும் பொடிப் பழங்களை அடியிலும் வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்ததுதான். அப்பாவும் செய்தார். ஒருநாள் சந்தையில் வியாபாரி மேல் வரிசையைப் பார்த்துவிட்டு விலை சொன்னபோது, பக்கத்தில் பாவாடை சட்டையோடு நின்றிருந்த அக்கா, "அடியில கைய வுட்டுப் பாருங்க" என்றாராம். வீடு வந்து சேரும்வரை அப்பா பேசவில்லை. வந்ததும் அம்மாவிடம், "இவள இனிமே சந்தைக்கு அனுப்பாத. இவ நம்ம பக்கமா அந்தாளு பக்கமான்னே தெரியல" என்றிருக்கிறார். இதை அப்பாவே பிற்பாடு என்னிடம் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

மழை தொடர்ந்து பொய்த்த ஆண்டுகளில் அப்பா மாடுகளை விற்றார். கொஞ்சம் நிலமும் போயிற்று. அக்காவின் படிப்பை மட்டும் அவர் நிறுத்தவில்லை. சேலம் போகும் ரயிலில் நின்றுகொண்டே படித்து அக்கா மருத்துவக் கல்லூரிக்குத் தேர்வானார். எங்கள் பங்காளிகளில் முதல் டாக்டர் அவர்தான். ஊரே கூடி மாலை போட்டது.

அந்த மகிழ்ச்சி சில ஆண்டுகளில் கொஞ்சம் குறைந்தது. மேற்படிப்புக்கு அக்கா மயக்க மருந்துத் துறையை எடுத்துக்கொண்டார். உறவினர்களுக்கு இது பிடிபடவில்லை. ஆபரேஷன் செய்பவர்தானே டாக்டர், ஊசி போட்டுத் தூங்க வைப்பவருக்கு எதற்கு இத்தனை படிப்பு என்று கேட்டார்கள். நல்ல மார்க் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று ஒருவர் முடிவு கட்டினார். அது உண்மை இல்லை. மார்க்கை நான் பார்த்திருக்கிறேன்.

மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில்தான் அக்கா பணிக்காலம் முழுவதையும் கழித்தார். அந்த வேலையை அவர் எனக்கு விளக்கிய விதம் இது. மனிதன் தூங்கும்போதுகூடத் தொண்டை விழித்திருக்கும். சோறு நுரையீரல் பக்கம் போகாமல் காவல் காக்கும். மயக்க மருந்து கொடுத்தால் அந்தக் காவலும் தூங்கிவிடும். அப்போது வயிற்றில் எது இருந்தாலும் மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். போனால், ஆபரேஷன் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உயிர் மிஞ்சாமல் போகலாம். அதனால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள்.

பெரியவர்கள் சொன்னால் கேட்பார்கள். குழந்தை பசியில் அழும். அழும் குழந்தைக்கு யாராவது ஒருவர் எதையாவது கொடுத்துவிடுவார்கள். கேட்டால் கொடுக்கவில்லை என்பார்கள். கொடுத்தேன் என்றால் ஆபரேஷன் தள்ளிப்போகுமே என்ற பயம். அதனால் அக்கா ஒருபோதும் "கொழந்த சாப்ட்டுச்சா?" என்று கேட்டதில்லை. "காலையில என்ன குடுத்தீங்க, பிஸ்கட்டா பாலா?" என்றுதான் கேட்பார். குழந்தையின் விரல்களை முகர்ந்து பார்ப்பார். மடியில் போட்டிருக்கும் துண்டை உதறிப் பார்ப்பார். அவரோடு பணியாற்றிய செவிலியர் ஒருவர், "மேடம் வந்தா போலீஸ் வந்த மாதிரி இருக்குங்க சார்" என்று என்னிடம் சொன்னார். அதை அவர் புகாராகச் சொல்லவில்லை.

வெளிநாட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் இந்தப் பக்கத்தைத்தான் தேடுவீர்கள் என்று தெரியும்.

உதடும் மேல் அண்ணமும் பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்யும் ஒரு குழு உண்டு. பல நாட்டு மருத்துவர்கள் தங்கள் விடுப்பில் சேர்ந்து போகிறார்கள். அக்காவோடு கல்லூரியில் படித்த ஒருவர் அதில் இருந்தார், அவர் அழைத்தார். அந்த ஆண்டிலிருந்து அக்கா ஒவ்வோர் ஆண்டும் மடகாஸ்கர் தீவில் கடலோரமாக உள்ள ஒரு சிறு நகரத்துக்குப் போய்வந்தார். சம்பளம் கிடையாது.

சம்பளம் கிடையாது என்பதுதான் சிக்கல். சம்பளம் வாங்கிக்கொண்டு போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். மதம் மாறிவிட்டார் என்றார்கள். அங்கே ரகசியமாகச் சொத்து வாங்கியிருக்கிறார் என்றார்கள். குழந்தைகளின் உறுப்புகளை எடுக்கிறார்கள் என்று கைப்பேசியில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோ எங்கள் உறவு முழுக்கச் சுற்றியது. அதில் அக்காவும் இல்லை, அந்த ஊரும் இல்லை. அக்காவின் கணவர், எங்கள் மாமா, பள்ளி ஆசிரியர். அவரிடம் விசாரித்தவர்களுக்கெல்லாம், "எனக்கு என்னங்க தெரியும், அவங்களையே கேளுங்க" என்று பதில் சொல்வார். கணவருக்கே தெரியாதாம் என்று அதுவும் சாட்சியாகிவிட்டது.

சந்தேகப்பட்டவர்களில் முதன்மையானவர் எங்கள் மாரண்டஹள்ளி அண்ணன். பெரியப்பாவின் மகன், காய்கறி மண்டி வைத்திருப்பவர், அக்காவுக்கு இளையவர், எனக்கு மூத்தவர். அவரைப் பற்றி இங்கே எழுதுவது அவருடைய அனுமதியோடுதான். "நான் சொன்னதத்தான எழுதற, எழுதிக்க" என்றார்.

ஓர் ஆண்டு அக்கா மடகாஸ்கரிலிருந்து திரும்பியவர் யாரிடமும் எதையும் பேசவில்லை. வழக்கமாக அந்த ஊர்ச் சாப்பாடு பற்றியாவது இரண்டு வார்த்தை சொல்வார். அந்த முறை அதுவும் இல்லை. சில வாரங்கள் கழித்து உறவில் ஒரு காதுகுத்து. சாப்பிட்டு முடித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மயக்க ஊசி போடறவங்கள எதுக்குத் தம்பி அவ்வளோ தூரம் கூப்புடறாங்க? அந்த நாட்டுல ஊசி இல்லையா?"

"ஊசி இருக்குதுங்கண்ணா. போடத் தெரிஞ்ச ஆளு கம்மி."

"சம்பளமே இல்லாம ஒருத்தர் ஒரு வேலைய வருசா வருசம் செய்யறாங்கன்னா அதுல என்னமோ இருக்குது. நான் மண்டி வெச்சிருக்கறவன், எனக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "போன வாட்டி அக்கா கையில ஒரு கொழந்த போயிருச்சாம். அதான் வாயே தொறக்கல. நீ பேப்பர்காரன்தான? ஒருக்கா கூடப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லேன்."

அவருக்கு அதை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள் என்றார். என் தொழிலில் இது ஆதாரம் ஆகாது. ஆனால் அக்காவின் மௌனம் என் கண்ணிலும் பட்டிருந்தது. ஒரு குழந்தை இறந்திருக்கலாம் என்று நானும் நினைத்தேன். மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த பயணத்தில் நானும் வருகிறேன், என் செலவில் வருகிறேன் என்று சொன்னபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு அனுப்பறாங்க உன்ன? மண்டிக்காரனா?"

நான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"வா. ஆனா வேவு பாக்க வர்றவன்தான் பெட்டியெல்லாம் தூக்கணும்."

நடந்தது என்ன என்பதை வழியில், விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தபோது அவரே சொன்னார். இந்தப் பத்தி கேள்விப்பட்டது என்ற கணக்கில் வரும். முந்தைய ஆண்டு முகாமின் கடைசி நாளில் ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். தொலைவிலுள்ள கிராமம், தாய் தூக்கிக்கொண்டே வந்திருந்தார். உதடு, அண்ணம் இரண்டும் பிளந்திருந்தன. எல்லாப் பரிசோதனையும் முடிந்து அறுவை அரங்கின் வாசலில் அக்கா வழக்கம்போலச் சிறுமியின் வாயைத் திறந்து பார்த்தார். அண்ணத்தின் பிளவில் ஒரு சோற்றுப் பருக்கை இருந்தது. காலையில் என்ன கொடுத்தீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்று தாய் சொன்னார். திருப்பிக் கேட்டார். திருப்பியும் அதே பதில். அண்ணம் பிளந்த குழந்தைக்கு முதல் நாள் இரவுச் சோறு அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது சாதாரணம் என்று அறுவை மருத்துவர் வாதிட்டார். அது உண்மைதான். ஆனால் அது முதல் நாள் பருக்கையா, அன்றைய பருக்கையா என்பதைப் பருக்கை சொல்லாது. அக்கா மறுத்துவிட்டார். வயிறு காலியாகும்வரை காத்திருக்கவும் நேரம் இல்லை. கருவிகளைப் பெட்டியில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். தாய் அழவில்லை. சிறுமியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"அவ்ளோதானா?" என்று கேட்டேன்.

"அவ்ளோதான். மண்டிக்காரன்கிட்ட சொல்லு, ஒன்னும் சாகல."

ஆனால் அதோடு முடியவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மறுத்தது சரிதானா என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. நடந்த விபத்துக்குச் சாட்சி இருக்கும். நடக்காமல் போன விபத்துக்கு எந்தச் சாட்சியும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. குழு அடுத்த ஆண்டிலிருந்து வேறு நாட்டுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. அந்த நகரத்தில் இதுதான் கடைசி முகாம். அந்தச் சிறுமி இந்த முறை வராவிட்டால், அந்தப் பிளவோடுதான் வளர வேண்டும். பேச்சு தெளிவாக வராது. குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வெளியே வரும். அவளைத் தேடிப் பிடித்து அழைத்துவர வேண்டும் என்று அக்கா பல மாதங்களுக்கு முன்பே சொல்லியனுப்பியிருந்தார். பதில் எதுவும் வரவில்லை.

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாட்கள் நான் என் வேலையைப் பார்த்தேன். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தையல் பிரிந்தால், குழு போன பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். குழந்தைகளைப் படம் எடுத்தவரிடம், தாய்மாரிடம் அனுமதி கேட்டீர்களா என்று கேட்டேன். சில பதில்கள் திருப்தியாக இருந்தன. எல்லாம் திருப்தியாக இருந்தன என்று எழுத மாட்டேன். படத்தைப் பற்றிய பதில் திருப்தியாக இல்லை. அக்காவுக்கும் அது பிடிக்காது. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்க அவர் ஒருமுறைகூடச் சம்மதித்ததில்லை. தையல் பற்றிய கேள்வியை எனக்கு முன்பே அவர் கேட்டிருந்தார். அந்த மருத்துவமனையின் செவிலியர் இருவருக்கு ஒவ்வோர் ஆண்டும் அவர் பயிற்சி கொடுத்துவந்தது அதனால்தான். அவர்களிடமும் தனியாக விசாரித்தேன். ரொம்பத் திட்டுவார் என்றார்கள்.

நாங்கள் வந்ததும் அக்கா தேடி அனுப்பியிருந்த மருத்துவமனை ஆள் சிறுமியின் கிராமத்திலிருந்து தனியாகத் திரும்பினார். தாய் வர மறுக்கிறார். காரணம் கேட்டதற்கு, அந்த இந்திய டாக்டர் என்னைப் பொய்க்காரி என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டார் என்றாராம். குழந்தை இப்படிப் பிறந்ததற்கு அவரைத்தான் கணவர் வீட்டில் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் கிரகணத்தன்று கத்தி பிடித்தாள் என்பார்கள். அங்கே வேறு எதையோ சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் குற்றவாளி தாய்தான். அதற்கு மேல் இந்தப் பழியும் சேர்ந்திருக்கிறது.

அக்கா அதை முழுதாகக் கேட்டார். பிறகு அந்த ஆளை மறுபடி அனுப்பினார். சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை, உண்மை, நம்பி ஊசி போட்டு உங்கள் பெண் எழுந்திருக்காமல் போயிருந்தால் உங்கள் முகத்தில் என்னால் விழித்திருக்க முடியாது. வருவதும் வராததும் உங்கள் விருப்பம். "மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லேன்" என்றேன். மறுத்துவிட்டார். மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடி அதையேதான் செய்வேன், பிறகு எப்படி மன்னிப்புக் கேட்பது என்றார்.

முகாம் முடியச் சில நாட்களே இருந்தபோது தாய் வந்தார்; சிறுமியும் வந்தாள். ஒரு மாலையில் மருத்துவமனை முற்றத்தைக் கடந்து நேராக அக்காவிடம் நடந்துவந்தார். மொழிபெயர்ப்பாளர் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்; அவர் ஓடிவருவதற்குள் தாய் சிறுமியை அக்காவின் மடியில் உட்காரவைத்துவிட்டார். பிறகு சொன்னதை ஆசிரியர் மொழிபெயர்த்தார். நாளைக் காலை வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் எதையும் கேட்க வேண்டாம்.

அதை நம்பிக்கை என்று நான் எழுத மாட்டேன். கோபம் என்றுதான் எனக்குப் பட்டது. சிறுமியைக் கொடுத்துவிட்டு அவர் போகவும் இல்லை. அக்காவுக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்து, அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தால் அவரும் எழுந்தார். ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பெண்கள் ஒரு குழந்தைக்குக் காவல் இருந்தார்கள். சாப்பிட அழைத்தேன், பிள்ளை பட்டினி கிடக்கும்போது அதன் முன்னால் சாப்பிடக் கூடாது என்று அக்கா மறுத்துவிட்டார். தாயும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

காலையில் வார்டு விழித்துக்கொண்டது. நோயாளிகளின் குடும்பங்கள் முற்றத்தில் சமைப்பது அங்கே வழக்கம். அரிசி நமக்குப் போலவே அவர்களுக்கும் மூன்று வேளை உணவு. அவரவர் கிண்ணத்தோடு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். சிறுமி பசியில் சிணுங்கிக்கொண்டு அக்காவின் மடியில் நெளிந்தாள். பக்கத்துப் பாயில் ஒரு பெண் கொழகொழவென்ற சோற்றைத் தன் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். இவர்களுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. அந்தப் பெண் பேச்சை நிறுத்தாமலே, திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுத்த கரண்டியைச் சிறுமியின் வாய்க்கு நீட்டினார்.

யோசித்துச் செய்த காரியம் இல்லை அது. பார்த்துக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு ஒரு வாய் கொடுக்காமல் சாப்பிட முடியாது, அவ்வளவுதான். நம் ஊரில் யார் வீட்டிலும் நடப்பது.

அந்தக் கரண்டியை இரண்டு கைகள் தடுத்தன. ஒன்று அக்காவின் கை. மற்றொன்று தாயின் கை. அது முதலில் போயிருந்தது. சோறு பாயில் சிந்தியது. பக்கத்துப் பெண் திடுக்கிட்டு, என்ன தப்புச் செய்தேன் என்பதுபோல இருவரையும் பார்த்தார்.

தாய் சிந்திய சோற்றைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி அந்த நீள வார்டை, வரிசையாகக் கிடந்த பாய்களை, அவற்றில் இருந்த கிண்ணங்களை ஒன்றொன்றாகப் பார்த்தார். சென்ற ஆண்டும் அவர் இதே வார்டில்தான் காத்திருந்தார். ஆபரேஷனுக்கு முந்தைய இரத்தப் பரிசோதனை முடிவை வாங்குவதற்காகச் சிறிது நேரம் வெளியே போயிருந்தார். இதைப் பிறகு ஆசிரியரிடம் அவரே சொன்னார். அப்போது எழுந்துவந்து அக்காவின் பக்கத்தில், தோள் படும்படி உட்கார்ந்தார்.

அன்று முற்பகல் அறுவை சிகிச்சை நடந்தது. அரங்குக்குள் எனக்கு அனுமதி இல்லை. வாசலில் தாய் நின்ற இடத்திலேயே நானும் நின்றேன். வெளியே கொண்டுவந்தபோது சிறுமியின் உதடு ஒன்றாகியிருந்தது. தையல் கறுப்பாகத் தெரிந்தது. அண்ணத்தையும் மூடிவிட்டார்கள் என்று ஆசிரியர் சொன்னார். சிறுமி கண் விழித்துக் கத்தி அழும்வரை அக்கா அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை. அழுகை வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

முற்றத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். "அந்தம்மா போன வருசம் பொய் சொல்லலக்கா."

"பொய் சொன்னாங்கன்னு நான் எப்படா சொன்னேன்? அவங்களுக்கே தெரியாதது ஏதாச்சும் இருக்கும்னுதான் நிறுத்துனேன்."

"அப்ப வேற யாரோ ஊட்டியிருக்காங்க."

"அத நீ பாத்தியா?"

"இல்ல."

"நானும் பாக்கல. ஊட்டியிருக்கலாம், ஊட்டாமயும் இருந்திருக்கலாம். எழுதுனா அப்படியே எழுது."

அப்படியே எழுதிவிட்டேன்.

ஊர் திரும்பியதும் மாரண்டஹள்ளிக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது; காதில் வாங்கிக்கொண்டே தக்காளியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் யார் கொடுக்கிறார்கள் என்பதில் குறுக்கு விசாரணை செய்தார். சிறுமியின் படம் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா எடுக்க விடவில்லை என்றேன். அதுதான் இடிக்கிறது என்றார். கடைசியில், "என்ன இருந்தாலும் நீயும் அக்காவோட தம்பிதான" என்று சொல்லி என் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்தார்.

குழு வேறு நாட்டுக்குப் போன பிறகும் அக்கா சில ஆண்டுகள் அதில் தொடர்ந்தார். மாமாவின் உடல்நிலை சரியில்லாமல் போனபோது நிறுத்தினார். மாமாவைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவரும் அக்காதான். பணி ஓய்வுக்குப் பிறகு தருமபுரி வீட்டில் இருந்தார். மயக்க மருந்து பயிலும் இளம் மருத்துவர்கள் சந்தேகம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்களை நிறையக் கேள்வி கேட்பார்.

கணையத்தில் நோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. முதல் அறிக்கையை அவர் நம்பவில்லை. இன்னோர் இடத்தில் பார்க்கச் சொன்னார். இரண்டாவதும் அதையே சொன்னதும், "சரி" என்றார். அதற்குப் பிறகு மருந்துகளைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் விசாரித்ததை நான் கேட்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில், மகள் பக்கத்தில் இருக்க, மூச்சு நின்றது.

காரியங்கள் முடிந்த பின் அந்தப் பள்ளி ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் அந்தத் தாயின் கிராமம் வரை போய்ச் சொல்லியிருக்கிறார். சிறுமி இப்போது நகரத்தில் தங்கி அவரிடமே படிக்கிறாள். வகுப்பில் வாயாடி என்று எழுதியிருந்தார். தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். கடைசி நாட்களில் அவரோடு யார் உட்கார்ந்திருந்தார்கள்?

நன்றி சொல்ல வேண்டிய இந்த இடத்தில், அந்தக் கேள்விக்கான பதிலையே எழுதுகிறேன்.

வேலையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்து வந்து, தாயின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கிடந்த அக்காவின் மகள் உட்கார்ந்திருந்தார். வீட்டையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டு அவரை அனுப்பிவைத்த எங்கள் மருமகனுக்கு நன்றி. மாமாவிடம் படித்த மாணவர்கள் இருவர், இன்று அவர்களே பேரன் பேத்தி எடுத்தவர்கள், முறை வைத்துக்கொண்டு மாலை நேரங்களில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இங்கே அரசு மருத்துவமனையில் அக்காவிடம் திட்டு வாங்கிப் பயிற்சி பெற்ற செவிலியர்கள், பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்து அவருக்குத் தலை வாரிவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் காரை எடுத்தார். என் மனைவி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். நான் கட்டிலருகே நாளிதழ் படித்துக் காட்டினேன், பிழைகளை அக்கா பிடித்தார். இவர்கள் எல்லோருக்கும், பெயர் விடுபட்டுப்போன இன்னும் பலருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

காலை நேரம் மாரண்டஹள்ளி அண்ணனுடையது. மண்டியை மகனிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் பாலக்கோடு வழியாக வந்துவிடுவார். யாரும் அவரை அழைக்கவில்லை. மருத்துவமனையில் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சீட்டில் எழுதியிருப்பதோடு எழுத்துக் கூட்டி ஒப்பிடுவார். காலாவதித் தேதியைத் தேடுவார். பிறகுதான் அக்காவின் கையில் கொடுப்பார். ஒரு நாள், மருத்துவமனையிலிருந்து மாத்திரை கொண்டுவந்த இளம் செவிலியர் ஒருவர் பொறுமை இழந்துவிட்டார்.

"எங்க மேல நம்பிக்கை இல்லீங்களாண்ணா?"

"இல்லீங்க பாப்பா" என்றார் அண்ணன், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலிக்கும். ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை மாத்திரைக்காக அவரிடம் நீட்டினார். அண்ணன் கொடுத்ததை, என்ன மாத்திரை என்று கேட்காமல், பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.

இதை நான் நேரில் பார்த்தேன்.